பத்தே போதும் என்றேன்

எங்கள் ஆபீஸில் மொத்தம் நான்கு கம்ப்யூட்டர். அவற்றைப் பத்திலிருந்து பதினொன்றுக்கு மாற்றலாமா வேண்டாமா என்று மூன்று மாதம் பேசினோம். பத்து, பதினொன்று என்பது பஸ் நம்பர் இல்லை. கம்ப்யூட்டரைப் போட்டதும் முதலில் எழுந்து வந்து மற்ற எல்லாவற்றையும் நடத்துகிற மென்பொருளின் பழைய பதிப்பும் புதிய பதிப்பும். பத்துக்கு இனிமேல் பாதுகாப்பு அப்டேட் வராது என்று திரையில் ஒரு நாளைக்கு மூன்று தடவை அறிவிப்பு வரும். நாங்கள் மூன்று தடவையும் அதை மூடிவிட்டு வேலையைப் பார்ப்போம்.

குன்னூரில் தேயிலைத் தூளை ஏலத்துக்கு அனுப்புகிற ஃபேக்டரிகளுக்கும் அதை வாங்குகிற வியாபாரிகளுக்கும் நடுவில் நிற்கிற ஆபீஸ் எங்களுடையது. வாரா வாரம் ஒவ்வொரு லாட்டிலிருந்தும், அதாவது ஒரே தரத்து மூட்டைகளின் தொகுதியிலிருந்தும், சாம்பிள் வரும். வடக்குப் பக்கம் பெரிய ஜன்னல் வைத்த அறையில் அதைக் காய்ச்சி வரிசையாகக் கோப்பைகளில் ஊற்றி வைப்பார்கள். எங்கள் முதலாளிதான் டேஸ்டர். ஒவ்வொரு கோப்பையிலும் ஒரு கரண்டி எடுத்துச் சத்தமாக உறிஞ்சி, வாயில் சுழற்றி, துப்பிவிட்டு, நடந்துகொண்டே இரண்டு சொல் சொல்வார். நல்ல நிறம். சாரமில்லை. புகை வாசம். எதையும் எழுதிவைக்க மாட்டார். அவர் சொல்லச் சொல்ல லாட் நம்பருக்கு எதிரே டைப் அடிப்பவன் நான். இருபத்தேழு வருஷமாக அதுதான் என் வேலை. கோப்பைகளைக் கழுவியபின் அந்த வாரத்து டீயைப் பற்றி மிஞ்சுவது நான் அடித்தது மட்டும்தான். அதை நம்பித்தான் வியாபாரி ஏலத்தில் விலை கேட்பார்.

என் விரல்களுக்கு நான் அடிப்பதைப் பார்க்க வேண்டிய அவசியமே இல்லை. அதனால்தான் கண் போய்க்கொண்டிருப்பது யாருக்கும் தெரியாமல் இத்தனை நாள் ஓட்ட முடிந்தது.

கோயமுத்தூரில் கண் டாக்டர் சொன்னதை எனக்குப் புரிந்த மட்டில் சொல்கிறேன். விழித்திரையின் நடுப்பகுதி தேய்ந்துவிட்டது. ஓரம் நன்றாக இருக்கிறது. நேராகப் பார்க்கிற இடத்தில் ஒரு சாம்பல் கறை நிற்கும். சுற்றிலும் எல்லாம் தெரியும். இனி கண்ணாடி மாற்றிப் பிரயோஜனமில்லை என்றார். திரும்பி வரும்போது பர்லியாரில் பஸ் நின்றது. கீழே இறங்கி டீ வாங்கினேன். மலை தெரிந்தது, ரோடு தெரிந்தது, பழக்கடைக் கூரைமேல் உட்கார்ந்திருந்த குரங்குகூடத் தெரிந்தது. டீயை நீட்டியவரின் முகம் மட்டும் இல்லை. அவர் காதைப் பார்த்தபோதுதான் முகம் வந்தது. அன்றிலிருந்து எல்லோரையும் காதைப் பார்த்தே பேசுகிறேன். வீட்டில் மனைவியிடம், கண்ணாடி பவர் கொஞ்சம் ஏறியிருக்கிறது என்று மட்டும் சொன்னேன்.

ஆபீஸில் சொல்லவில்லை. சொன்னால் யாரும் என்னை வெளியே தள்ளமாட்டார்கள், அது தெரியும். முதலாளி தங்கமான மனுஷர். ஜன்னலோரம் ஒரு நாற்காலி போட்டு, டீ வாங்கிக் கொடுத்து, வருகிறவர்களிடம் எங்க பழைய ஆள் என்று அறிமுகப்படுத்துவார். அந்த நாற்காலி எனக்கு வேண்டாம். ஓய்வு பெற இன்னும் ஒன்றரை வருஷம். அதுவரை அந்த விசைப்பலகை முன்னால் உட்கார்ந்துவிட்டு நானாக எழுந்து போக வேண்டும். என் ஆசை அவ்வளவுதான்.

பத்தில் எல்லாமே எனக்கு மனப்பாடம். மவுஸைக் கீழ்நோக்கி இடப்பக்கம் ஒரு தள்ளு தள்ளினால் அம்பு மூலையில் போய் முட்டி நிற்கும். அங்கே கிளிக் செய்தால் மெனு. மேலே போகும் அம்புக்குறி விசை நான்கு தடவை, என்டர். பட்டியல் திறந்துவிடும். சுவரைத் தடவிக்கொண்டு பாத்ரூம் போகிற மாதிரி. பதினொன்றில் அந்த மெனு பட்டன் மூலையில் இல்லை என்றும் திரையின் கீழே நடுவில் நிற்கிறது என்றும் கேள்விப்பட்டபோது எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. நடுவில் முட்டி நிற்கச் சுவர் கிடையாதே.

மாற்ற வேண்டும் என்று முதலில் பேச்சை எடுத்தது ஆபீஸிலேயே வயதில் சின்னவளான பெண். மேட்டுப்பாளையத்துப் பிள்ளை. ஒரு வருஷக் கான்ட்ராக்டில் சேர்ந்திருந்தாள். மெயில், கேட்லாக், கம்ப்யூட்டர் ரிப்பேர் எல்லாம் அவள் தலையில்தான். பழைய பதிப்பில் ஓட்டை விழுந்தால் இனி அடைக்க ஆளில்லை, வியாபாரிகளின் விவரம் முழுக்க இதில்தான் இருக்கிறது, நாளைக்கு ஏதாவது ஆனால் யார் பதில் சொல்வது என்று கேட்டாள். அவள் சொன்னதில் ஒரு வார்த்தைகூடத் தப்பில்லை.

கணக்குப் பார்க்கிறவர் வேண்டாம் என்றார். எட்டிலிருந்து பத்துக்கு மாறியபோது தன் பிரின்டர் ஒரு வாரம் ஊமையாக இருந்ததை அவர் இன்னும் மன்னிக்கவில்லை. அவருடைய மச்சான் வீட்டில் பதினொன்று போட்ட லேப்டாப் ஆமை மாதிரி ஊர்கிறதாம். சாம்பிள் அறையில் கோப்பை கழுவுகிறவர், கம்ப்யூட்டரைத் தொட்டதே இல்லை, அவருக்கும் அபிப்பிராயம் இருந்தது. அவர் போன் தானாகவே அப்டேட் ஆகி ஆகி, மகள் போட்டோவெல்லாம் எந்தப் பக்கம் போனதென்றே தெரியவில்லை என்றார். முதலாளி எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, டீ ஆறுதுங்க என்று எழுந்து போய்விடுவார்.

நான் சும்மா இருந்திருக்கலாம். பயந்தவன் வாய் சும்மா இருக்குமா? சாயங்காலம் வீட்டில் யூடியூபைப் போட்டுவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டு கேட்பேன். பதினொன்றைப் பற்றி ஊர் உலகமே இரண்டாகப் பிரிந்து சண்டை போட்டுக்கொண்டிருந்தது. ஒருவருக்கு அது புதுவீடு மாதிரி சுத்தமாக இருந்தது. இன்னொருவருக்குத் தன் வீட்டிலேயே வாடகைக்கு இருப்பது போல இருந்தது. ஒருவர் வேகம் கூடியது என்றார், அதே மாடல் வைத்திருந்தவர் குறைந்தது என்றார். எனக்கு வேண்டியது குறைகள் மட்டும்தான். அவற்றைப் பொறுக்கி எடுத்து மறுநாள் காலையில் ஆபீஸில் இறக்குவேன். மெமரி அதிகம் தின்கிறதாம், விளம்பரம் காட்டுகிறதாம், ரைட் கிளிக்கில் பாதி ஒளிந்துகொள்கிறதாம். எனக்குத் தெரியாமலே வேண்டாம் கட்சிக்கு நான் தலைவராகிவிட்டேன். கணக்கர் என்னைக் காட்டி, இவரே சொல்றார் பாருங்க என்பார். அந்தப் பெண் ஒவ்வொன்றுக்கும் பொறுமையாகப் பதில் சொன்னாள். பத்து நாளில் பொறுமை போயிற்று. பத்தே போதும்னா பத்தாம் கிளாஸோட நின்னிருக்கலாமில்லீங்களாண்ணா என்று ஒருநாள் கேட்டுவிட்டாள். எல்லோரும் சிரித்தார்கள். நானும் அவள் காதைப் பார்த்துச் சிரித்துவைத்தேன்.

பிறகு ஒருநாள் ஒவ்வொரு கம்ப்யூட்டரும் பதினொன்றைத் தாங்குமா என்று பார்க்கிற சோதனையை ஓட்டினாள். பழைய மிஷினாக இருந்தால் தகுதியில்லை என்று வந்துவிடும். என்னுடையது தேறக் கூடாதே என்று வேண்டிக்கொண்டேன். வேண்டாத தெய்வமில்லை. கணக்கருடையது தேறவில்லை. முன்அறையில் இருந்ததும் தேறவில்லை. அவை பத்திலேயே இருக்கட்டும், அப்புறம் பார்க்கலாம் என்று முதலாளி சொல்லிவிட்டார். என்னுடையதற்கும் அவளுடையதற்கும் பச்சை டிக். எதிர்த்தவர்களில் கணக்கர் தப்பித்தார், நான் மாட்டிக்கொண்டேன்.

ஒரு சனிக்கிழமை மாற்றிவிட்டாள். திங்கட்கிழமை என்னைப் பக்கத்தில் உட்காரவைத்துக் காட்டினாள். இது இங்க, அது அங்க என்று விரல் வைத்துக் காட்டக் காட்ட நான் தலையாட்டினேன். எல்லாம் வெளிறிப்போய், கோடே இல்லாமல், விளிம்பே இல்லாமல் இருந்தது. வேற எதாவது வேணுங்களாண்ணா என்று கேட்டாள். ஒன்னும் வேண்டாம், பழகிக்கிறேன் என்றேன். அந்த நிமிஷம் வாயைத் திறந்திருந்தால் மற்றது எதுவும் நடந்திருக்காது. இப்போதும் அதை நினைத்தால் என்னை நானே அறைந்துகொள்ளத் தோன்றுகிறது.

புதன்கிழமை சாம்பிள். மழை, முதல் கோப்பையைத் தொடுவதற்குள் மூன்று தடவை கரண்ட் போய் வந்தது. ஒவ்வொரு தடவையும் பட்டியலைத் தேடிப்பிடித்துத் திறப்பதற்குள் முதலாளி கரண்டியோடு காத்திருந்தார். அவர் காத்திருப்பது எனக்குப் பொறுக்கவில்லை. மூன்றாவது தடவை பட்டியல் திறந்ததும் என்டரை ஒன்று தட்டினேன். பத்தில் கர்சர் நான் விட்டுவைத்த தலைப்பு வரியில் அப்படியே நிற்கும், அந்தத் தட்டில் முதல் கட்டத்துக்குப் போகும். இங்கே ஏற்கெனவே முதல் கட்டத்தில்தான் நின்றிருக்கிறது. என் தட்டில் இரண்டாவதுக்கு இறங்கிவிட்டது. அது எனக்குத் தெரியவில்லை. அவர் சொல்லச் சொல்ல அடித்தேன். முதல் லாட்டின் குறிப்பு இரண்டாவதில், இரண்டாவதன் குறிப்பு மூன்றாவதில், அப்படியே கடைசிவரை.

மற்ற வாரங்களில் பட்டியலைப் பிரின்ட் எடுத்து, பாத்ரூமில் கதவைச் சாத்திக்கொண்டு, ஓரக்கண்ணில் லென்ஸ் வைத்து வரி வரியாகச் சரிபார்ப்பேன். அன்றைக்குப் பிரின்டரைப் புதுப் பதிப்பில் இன்னும் சேர்க்கவில்லை. நாளைக்குச் சேர்க்கிறேன் என்று அந்தப் பெண் சொல்லியிருந்தாள். திரையிலேயே பார்த்துவிட்டேன் என்று அவளிடம் பொய் சொன்னேன். அவள் அதை நம்பி எல்லோருக்கும் மெயிலில் அனுப்பினாள்.

ஏலம் முடிந்த மறுநாள் கோத்தகிரிப் பக்கத்து ஃபேக்டரிக்காரர் ஒருவர் நேரில் வந்தார். சின்ன ஃபேக்டரி. போன சீசன் முழுக்க அவர் தூளில் புகை வாசம் இருந்தது. தூளைக் காயவைக்கிற ட்ரையரில் எங்கோ கசிவு. அதைப் பிரித்துக் குழாயெல்லாம் மாற்றி, முதல் தடவையாக நல்ல தூள் அனுப்பியிருந்தார். எங்கள் பட்டியலில் மறுபடியும் புகை வாசம் என்று இருந்தது. ஒருவரும் வாங்கவில்லை. அவர் கோபப்படவில்லை. மறுபடியும் பொகைங்களா என்று மட்டும் கேட்டார். ட்ரையர் பார்க்கிற ஆளை வேலையைவிட்டு நிறுத்திவிட்டேன், இத்தனை செய்தும் அவன் சரியாகத் தீ போடத் தெரியாதவன்தான் போலிருக்கிறது என்றார்.

முதலாளிக்கு நாக்கு மறக்காது. இவர் தூளில் புகை இல்லை, அதற்கு முந்தின லாட்டில்தான் இருந்தது என்று அங்கேயே சொன்னார். பட்டியலை எடுத்துப் பார்த்தார். முதல் லாட்டுக்கு எதிரே காலி. இரண்டு நிமிஷத்தில் எல்லாம் விளங்கிவிட்டது. ஃபேக்டரிக்காரருக்குச் சமாதானம் சொல்லி அனுப்பிவிட்டு எங்கள் எல்லோரையும் சாம்பிள் அறைக்குக் கூப்பிட்டார்.

எனக்கு அப்போது நடந்ததை எப்படிச் சொல்வது? யாருமே என்னைப் பார்க்கவில்லை. கணக்கருக்கு மூன்று மாதமாகச் சேர்த்துவைத்ததெல்லாம் வந்துவிட்டது. நாங்கதான் தலப்பாடா அடிச்சுக்கிட்டமே, பதினொன்னு வேண்டாம்னு என்றார். புதுப் பதிப்பு வரியை நகர்த்திவிட்டது, பிரின்டரும் வேலை செய்யவில்லை, சரிபார்க்க வழியில்லாமல் போயிற்று என்று அவரே எல்லாவற்றையும் விளக்கினார். கோப்பை கழுவுகிறவர் தன் போனை எடுத்துக் காட்டினார். முதலாளி அந்தப் பெண்ணிடம் ரொம்ப மெதுவாகப் பேசினார். அவர் குரல் மெதுவானால் முடிவெடுத்துவிட்டார் என்று அர்த்தம். பழையபடி பத்தையே போட்டுவிடலாம், அடுத்த மாதம் உன் கான்ட்ராக்டைப் பற்றி உட்கார்ந்து பேசலாம் என்றார். அவள் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். ஓரத்தில் அவள் கை தெரிந்தது. சுடிதார் துப்பட்டா நுனியை முறுக்கிக்கொண்டிருந்தது.

பத்து திரும்பி வரப்போகிறது. என் மூலை எனக்குக் கிடைக்கப்போகிறது. ஒன்றரை வருஷமும் கழிந்துவிடும். நான் வாயைத் திறக்காமல் நின்றால் போதும். உண்மையைச் சொல்கிறேன், கொஞ்ச நேரம் நின்றேன். நின்றதற்கு இன்றும் வெட்கப்படுகிறேன்.

"அது கம்ப்யூட்டர் தப்பில்லீங்க. நாந்தானுங்க தப்பு வரியில அடிச்சது. எனக்குக் கண்ணு தெரியறதில்லீங்க" என்றேன்.

முதலாளி சிரித்தார். அதைத்தான் நான் எதிர்பார்க்கவே இல்லை. "ஏனுங்க, அந்தப் புள்ளைக்காக நீங்க பழி ஏத்துக்கறீங்க. உங்க மனசு எனக்குத் தெரியாதுங்களா? இருவத்தேழு வருசத்துல ஒரு தப்பு காமிங்க பாக்கலாம்" என்றார். கணக்கரும், அண்ணன் அப்படித்தானுங்க என்று ஒத்து ஊதினார். இத்தனை வருஷம் பாடுபட்டுச் சேர்த்த நல்ல பேர் அன்றைக்கு என்னை உண்மை பேச விடவில்லை. எனக்கு அலுப்பாக இருந்தது. அவ்வளவு அலுப்பு என் வாழ்க்கையில் அதற்கு முன் எனக்கு வந்ததில்லை.

நிஜமாகத்தான் சொல்கிறேன் என்றேன். அவர் கையிலிருந்த பட்டியலை நீட்டி, சரி, மேலே இருக்கிற ஃபேக்டரி பேரைப் படியுங்கள் என்றார். விளையாட்டாகத்தான் சொன்னார்.

முதலில் வரும் ஃபேக்டரி எப்போதும் ஒன்றேதான், அகரவரிசை. அதன் பேர், லாட் நம்பர், மூட்டை எத்தனை, எல்லாம் எனக்கு மனப்பாடம். ஒப்பித்திருக்கலாம். ஒப்பித்துவிட்டுச் சிரித்திருந்தால் எல்லோரும் சிரித்துக் கலைந்திருப்பார்கள். நான் காகிதத்தை முகத்துக்கு நேரே பிடித்தேன். ஓரமாகச் சாய்த்துப் பிடிக்கவில்லை. மற்றவர்கள் பிடிக்கிற மாதிரி நேராகப் பிடித்தேன். சாம்பல் கறை நின்றது.

"தெரியலீங்க" என்றேன்.

முதலாளி காகிதத்தைத் திருப்பி வாங்கிக்கொண்டார். அந்தப் பெண்தான் முதலில் வாயைத் திறந்தாள். நன்றி சொல்லவில்லை. கோபப்பட்டாள். "அந்த பட்டனை மறுபடியும் மூலைக்குக் கொண்டுபோறதுக்கு அரை நிமிஷங்கூட ஆகாதுங்கண்ணா. எழுத்தப் பெருசாக்கறதுக்கு, வரிக்குக் கலர் போடறதுக்கு, எல்லாத்துக்கும் அதுல வழியிருக்குது. வேற எதாவது வேணுங்களான்னு நான் கேட்டனில்ல?" என்றாள். கேட்டாள்தான். அவள் கோபம் நியாயம். அவள் அந்தக் கோபத்தை இன்னும் கொஞ்சம் காட்டியிருந்தால்கூட எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

முதலாளி என்னிடம், எப்ப இருந்துங்க என்று கேட்டார். போன வருஷம் மழைக்கு முன்னாலிருந்து என்றேன். அவர் மனசுக்குள் வாரங்களை எண்ணியது அவர் நின்ற விதத்திலேயே தெரிந்தது. அத்தனை வாரத்துப் பட்டியல்களிலும் எது சரி, எது தப்பு? நான் லென்ஸ் வைத்துச் சரிபார்த்தேன் என்று சொன்னேன். சொல்லும்போதே அந்தப் பேச்சுக்கு இனி மதிப்பில்லை என்று எனக்குப் புரிந்தது. அந்த டீ குடித்துத் தீர்ந்திருக்கும். எதை வைத்துச் சரிபார்ப்பது?

அவர் போனை எடுத்துக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்தார். கோத்தகிரிக்காரர் நம்பர் சொல்லுங்க என்றார். பார்க்காமலே சொன்னேன். ட்ரையர் ஆளைத் திரும்பக் கூப்பிட்டுக்கங்க, அவர்மேல ஒரு தப்பும் இல்லை என்று அவரிடம் சொன்னார். அடுத்த ஃபேக்டரி நம்பர் சொல்லுங்க என்றார். சொன்னேன். இப்படியே அந்தப் பட்டியலில் இருந்த ஒவ்வொரு ஃபேக்டரிக்கும், வாங்குகிற ஒவ்வொரு வியாபாரிக்கும் போட்டார். நம்பரெல்லாம் எனக்கு மனப்பாடம் என்பதால் யாரும் டைரி தேட வேண்டியிருக்கவில்லை. எல்லோரிடமும் எங்க ஆபீஸ் தப்புங்க, மன்னிச்சுக்கங்க என்றே சொன்னார். எதிர்ப்பக்கத்தில் யாரோ சத்தம் போட்டார்கள். எப்படிங்க இப்படி ஆச்சு என்று எல்லோரும் கேட்டிருப்பார்கள். அவர் ஒரு தடவைகூட என் பெயரைச் சொல்லவில்லை. ஒருத்தரிடமாவது சொல்லிவிடமாட்டாரா என்று நான் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன்.